பயந்துபோய் வர்ற பிள்ளைகள இன்டர்வியூல எப்படிப் பேச வைக்கிறது?

முகப்புத்திண்ணை:
கானாடுகாத்தான்ல பழைய வீடு ஒண்ண ஹோட்டலா மாத்தி நடத்துறோம், ஃப்ரண்ட் ஆபீஸுக்கு ஆள் எடுக்க நாந்தான் உக்கார்றேன். போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, ஃபைல நெஞ்சோட அணைச்சபடியே இருக்கு, தண்ணி குடுத்தா டம்ளர் நடுங்குது, எது கேட்டாலும் "தெரியல சார்". சரின்னு அனுப்பிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு வெளிய வந்து பாத்தா, முகப்புல நின்ன கெஸ்ட் ஒருத்தருக்கு தரைல பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்லப் பத்தி விளக்கிட்டு இருக்கு, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணில ஊறப் போடுவாங்க, கண்ணாடில பட்ட பக்கம்தான் இந்தப் பளபளப்புன்னு. எனக்கு மனசே கேக்கல. அந்தப் பேச்சு எங்கிட்ட ஏன் வரல?

பள்ளத்தூர்அக்கா:
தம்பி, பன்னெண்டு வருஷமா எனக்கு ஆள் எடுக்குற வேலதான். மொத நாளே போன் பண்ணி யாரு கேப்பாங்க, எவ்ளோ நேரம், என்ன மாதிரி கேள்வின்னு சொல்லிருங்க, பாதி பயம் அங்கேயே போயிரும். தமிழ்லயே ஆரம்பிங்க. "உங்களப் பத்தி சொல்லுங்க"ன்னு மட்டும் எடுத்த உடனே கேக்காதீங்க, அதுல அடைச்ச வாய் அப்புறம் தொறக்காது. பஸ் கிடைச்சுதா, வெயில்ல நடந்தா வந்தீங்கன்னு ரெண்டு வார்த்த போதும். கேள்வி கேட்டா பத்து செகண்ட் பொறுங்க, நடுவுல பூந்துறாதீங்க.

தேவகோட்டைரோடு:
அக்கா சொன்னது சரி, ஆனா என்ன பேசுறோம்ங்கறதுலயும் கவனம் வேணும். நம்ம பக்கம் பேச்சு தொடங்கினாலே "எந்த ஊரு, எந்தக் கோயில்"தான். நகரத்தார், அதான் செட்டியார் வீட்டுப் பிள்ளன்னா இளையாத்தங்குடி, மாத்தூர்னு அவங்களுக்குன்னு இருக்குற ஒம்பது கோயில்ல ஒண்ணச் சொல்லிச் சிரிச்சு உக்காந்துக்கும், மத்த பிள்ளைகளுக்கு "நீங்க என்ன ஆளுக"ன்னுதான் காதுல விழும். 2016ல ஒரு கடைல இன்டர்வியூக்குப் போனப்ப எங்கிட்ட அப்படிக் கேட்டாங்க, அதுக்கப்புறம் கூட்டல் கணக்குகூட வரல எனக்கு. பாசமாத்தான் கேட்டிருப்பாங்க, இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன். இன்னொண்ணு, ஆரம்பத்துல பேசுற பேச்சுக்கு மார்க் போடாதீங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி, மார்க் அதுக்கு மட்டும், இல்லன்னா நல்லா வாயடிக்கிற பையனுக்கே வேல போயிரும்.

முகப்புத்திண்ணை:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி திரும்ப வரச் சொல்லிட்டேன், அன்னைக்கி வந்த மத்த நாலு பேரையும்தான். மேஜ கெடையாது, முகப்புல ஆரம்பிச்சு வளவு (உள் முத்தம்), அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு வரைக்கும் என்னைய கெஸ்ட்டா நெனச்சு ஒவ்வொருத்தரும் சுத்திக் காட்டட்டும். அண்ணே, அந்தக் கோயில் கேள்விய நானும் கேட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட, மொதக் கேள்வியா.