கேரவனாக மாற்றிய வேனுக்கு டயர் காற்று எவ்வளவு வைக்கணும்? கடைக்குக் கடை வேற கணக்கு சொல்றாங்க

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, படுக்கை, சமையல் மேடை, 220 லிட்டர் தண்ணீர் டேங்க், இரண்டு பெரிய டியூபுலர் பேட்டரி, கூரையில் சோலார் எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியிருக்கிறோம். ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்றியாச்சு. அப்பாவுக்கு மூட்டு வலி, பஸ் ஏறி இறங்க முடியாது. நவகிரகக் கோயில் ஒன்பதையும் அவசரமில்லாமல் தரிசிக்கணும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. அதற்காகவே இந்த வண்டி.

பின்னால் டபுள் டயர், மொத்தம் ஆறு. கிளம்பும் முன் ஒரு டயர் கடையில் ஆறிலும் 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் 60 போதும் என்றார்கள். முன்னால் இந்த வேனை ஓட்டின டிரைவர் 50க்கு மேல் போகாதீங்க என்கிறார். கதவோரம் கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர் பெயிண்ட் அடிக்கும்போது போய்விட்டது.

வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் பார்த்துவிட்டு திருநள்ளாறு போனோம். சின்னப் பள்ளத்துக்கே முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது, அப்பா வலியில் முகம் சுளிக்கிறார். திரும்பும்போது பேரளம் தாண்டியதும் பின்பக்கம் லேசாக ரப்பர் கருகின வாடை. இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. முன் டயர் இரண்டிலும் நடுப் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) மட்டும் தேய்ந்திருக்கு.

எவ்வளவு காற்று சரி? வாடைக்கும் காற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

வெண்ணாறு (நீடாமங்கலம்):

தம்பி, வாடை வந்திருக்கு, அதனால முதல்ல வண்டியை நிறுத்துங்க. 27 வருசமா நெல் லோடு ஓட்டுறேன். டபுள் டயர் வண்டியில வாடை வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது உள் டயரைத்தான். வெளி டயர்ல காற்று அளக்குற கேஜ் வைக்கிறது சுலபம். உள் டயரோட வால்வு டிஸ்க் ஓட்டைக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும், கை நுழையாது. அவசரத்துல அதை விட்டுட்டு "ஆறும் பார்த்தாச்சு"ன்னு அனுப்பிடுவாங்க. காற்று குறைஞ்ச டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி சூடாகும். அதோட பாரத்தையும் பக்கத்து டயர் சேர்த்துச் சுமக்கும்.

காலையில வெயில் ஏறும் முன்னாடி, டார்ச் அடிச்சு உள் டயர் ரெண்டையும் கேஜ் வச்சுப் பாருங்க. காலால உதைச்சுப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஜோடி டயர்ல ஒண்ணு 70லயும் இன்னொண்ணு 40லயும் இருந்தாலும் உதைக்கிற காலுக்கு ரெண்டும் கல்லு மாதிரிதான் இருக்கும்.

கொள்ளிடக்கரை:

அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். கூடவே டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். அளவு மட்டும் போதாது, 'மேக்ஸ் லோடு' என்ற வரியும் வேண்டும்.

அரசலாற்றங்கரை:

அண்ணே, கும்பிடுறேன். பின்பக்கம் இடது உள் டயரில் 38 தான் இருக்கு! வலது உள் டயரில் 71. மற்ற நாலும் 74, 75.

டயரில் இருப்பது: 195/75 ஆர் 16 சி, 107/105. மேக்ஸ் லோடு சிங்கிள் 975 கிலோ, டூயல் 925 கிலோ, 69 பி.எஸ்.ஐ.

அப்போது 69 அடித்தால் சரியா?

கொள்ளிடக்கரை:

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 69 உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அந்த டயர் அதிகபட்சமாகச் சுமக்கக்கூடிய 975 கிலோவைச் சுமக்கும்போது, டயர் சூடேறாத நிலையில் அதற்குள் இருக்க வேண்டிய காற்று. பாரம் குறைந்தால் அவ்வளவு தேவையில்லை. தேவைக்கு மேல் அடித்தால் டயர் நடுவில் உப்பி, நடுப் பட்டன் மட்டும் ரோட்டில் படும். முன் டயர் தேய்ந்ததும் அப்பாவுக்கு முதுகு வரை அடித்ததும் அதனால்தான். 75 என்பது அச்சடித்த அளவையே தாண்டியது. குறைத்தால் அண்ணன் சொன்ன சூடு வரும், அது இன்னும் ஆபத்து. ஆக, ஒவ்வொரு டயர் மேலும் எத்தனை கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் யார் சொல்லும் எண்ணும் ஊகம்தான். கடைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. உங்கள் வண்டிக்குள் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

107, 105 என்பவை சுமைக் குறியீடு. தனி டயராக ஓடினால் 975, ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 925. ஜோடியில் இரண்டும் எப்போதும் சமமாகப் பகிர்வதில்லை என்பதால் அந்த 50 கிலோ குறைப்பு.

வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். காலியாக அல்ல. டீசல் ஃபுல், தண்ணீர் ஃபுல், சிலிண்டர், பாத்திரம், அப்பா, அம்மா, நீங்கள் எல்லோரும், திருநள்ளாறு போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

பாமணி ஆறு (மன்னார்குடி):

டிராக்டர் வச்சிருக்கவங்களுக்கு இது கைவந்த விஷயம். வயல் சேத்துல தொளி அடிக்கிறப்ப காற்றைக் குறைச்சு விடுவோம், டிரெய்லர்ல நெல் மூட்டை ஏத்தி ரோட்டுக்கு வரும்போது கூட்டுவோம். கார், வேன்ல மட்டும் ஏன் ஒரே எண்ணைப் பிடிச்சுட்டு நிக்கிறாங்கன்னு எனக்கும் புரியல.

எடைக்கு அரிசி ஆலைப் பக்கம் போங்க. இப்ப கோடை, கூட்டம் இருக்காது. தை, மாசின்னா சம்பா நெல் லாரி வரிசையில உங்க வண்டி நகரவே நகராது.

வெண்ணாறு:

எடை போடுற விதம் சொல்றேன் தம்பி. முதல்ல முழு வண்டியையும் மேடையில ஏத்தி ஒரு சீட்டு. அடுத்து முன் சக்கரம் மட்டும் மேடையில, பின் சக்கரம் தரையில. அப்புறம் பின் சக்கரம் மட்டும். முன்னும் பின்னும் கூட்டினா மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட வரணும், வரலன்னா திரும்பப் போடுங்க.

முக்கியமானது இனிமேதான். மேடையோரம் தரை சமமா இருந்தா, இடது சக்கரங்களை மட்டும் மேடையில ஓட்டி முன், பின் தனித்தனியா எடுங்க. முன், பின் எடையில தனித்தனியா கழிச்சா வலது கிடைச்சுடும். வீடு மாதிரி கட்டின வண்டியில டேங்க் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம்னு வச்சிருப்பீங்க. லாரியில மூட்டையை ரெண்டு பக்கமும் பார்த்து அடுக்குவோம், வீட்டுச் சாமானை அப்படி யாரும் அடுக்குறதில்ல.

அந்த 38 டயரைக் காற்று அடிச்சு ஓட்டிடாதீங்க. கழற்றி உள்பக்கம் பார்க்கணும்.

அரசலாற்றங்கரை:

இன்று காலை ஏழு மணிக்கே ஆலை எடைமேடைக்குப் போய்விட்டோம். அம்மா, அப்பா, தம்பி எல்லோரும் வண்டிக்குள். மேடை ஆபரேட்டர் பொறுமையாக நாலு சீட்டு போட்டுக் கொடுத்தார்.

மொத்தம் 4,040 கிலோ. முன் அச்சு (ஆக்சில்) 1,300, பின் அச்சு 2,740. முன் இடது 630, முன் வலது 670. பின் இடது 1,540, பின் வலது 1,200.

பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் 340 கிலோ வித்தியாசம்! ஆர்.சி.யில் மொத்த எடை 4,100. இன்னும் 60 கிலோதான் பாக்கி என்று பார்த்ததும் பகீர் என்றது.

டயரையும் கழற்றினோம். உள்ளே கைவிட்டுத் தடவினால் ரப்பர் தூள் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. பக்கச் சுவரில் வட்டமாக ஒரு மடிப்புக் கோடு, அங்கே மட்டும் கறுப்பு பளபளவென்று. பஞ்சர் இல்லை, வால்வுக்குள் இருக்கும் 'பின்' லேசாகக் கசிந்திருக்கு, அவ்வளவுதான். டயர் கடைத் தம்பி "இது எப்ப வேணா வெடிச்சிருக்கும் சார்" என்றபோது அம்மா ஒன்றும் பேசவில்லை, வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

கொள்ளிடக்கரை:

நல்லபடியாகத் தப்பித்தீர்கள். அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள்.

கணக்கு பார்ப்போம். ஒரே அச்சில் எந்தப் பக்கம் அதிகமோ அதற்குத்தான் காற்று, அதே அளவு அந்த அச்சின் எல்லா டயருக்கும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று வைத்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

பின்னால் இடது 1,540, இரண்டு டயருக்கு 770. அதை 925 ஆல் வகுத்து 69 ஆல் பெருக்கினால் 57.4. முன்னால் அதிகமானது 670. அதை 975 ஆல் வகுத்து 69 ஆல் பெருக்கினால் 47.4. கேஜ் பிழைக்கும் வெயிலுக்கும் ஐந்து சேர்த்தால் முன் 52, பின் 62.

இது நேர்விகிதக் கணக்கு. டயர் கம்பெனியின் சுமை–காற்று அட்டவணை இப்படி நேர்கோட்டில் போகாது. பாரம் குறையும்போது நேர்விகிதம் அட்டவணையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதனால் பாதுகாப்பான பக்கம்தான். ஆனாலும் டீலரிடம் உங்கள் அளவுக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். அதில் போட்டிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. அச்சுக்கு எவ்வளவு தாங்கும் என்று வண்டித் தகட்டில் இருக்கும், அதையும் பாருங்கள். அச்சின் அளவை மீறின பாரத்தைக் காற்றால் சரிசெய்ய முடியாது.

ஆனால் காற்றுக்கு முன்னால் பாரத்தைச் சரிசெய்யுங்கள். இடது பக்கம் என்ன இருக்கிறது?

அரசலாற்றங்கரை:

தண்ணீர் டேங்க், சமையல் மேடை, சிலிண்டர், இரண்டு பேட்டரி, எல்லாமே இடதுதான். வயரிங் சுலபம் என்று அப்படி வைத்தோம். ஒரு பேட்டரி 55 கிலோ.

வேதாரண்யம் உப்புக்காற்று:

தங்கச்சி பேசுறேன், நாங்களும் சின்ன கேரவன் வச்சு கோடியக்கரை, முத்துப்பேட்டைன்னு சுத்துறவங்க. ரெண்டு பேட்டரியையும் வலது பக்கம் மாத்துங்கண்ணா. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, உங்க டேங்க் மட்டுமே 220. நாங்க கோயில் ஊருக்குப் போறப்ப பாதி டேங்க்தான் நிரப்புவோம், போற ஊர்ல பிடிச்சுக்கலாம். ஆனா காற்று மட்டும் ஃபுல் டேங்க் எடைக்கே வைப்போம், தினம் மாத்திட்டு இருக்க முடியாதில்ல.

இன்னொண்ணு. கேரவன் பெரும்பாலும் நின்னுட்டே இருக்கும். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் வயசாகிடும். டயர்ல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். எங்க பழைய டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருந்துச்சு, எண்ணைப் பார்த்தா ஒன்பது வருசம் ஆயிருந்துச்சு.

அரசலாற்றங்கரை:

எங்களுடையது 1417. அப்படியென்றால் 2017ஆம் வருடம் 14ஆவது வாரம். மாற்றியே ஆகணும். இடது ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

வெண்ணாறு:

போதாது தம்பி. ஜோடியில ஒண்ணு புதுசு ஒண்ணு தேய்ஞ்சதுன்னா உயரம் மாறும், உயரமானது பாரம் முழுக்க வாங்கிக்கும். ஜோடியா மாத்துங்க, அதே அளவு, அதே 107/105. வயசைப் பார்த்தா ஆறையும் மாத்துறதுதான் நல்லது. பணம் இடிச்சா இப்ப பின்னால நாலு, அடுத்த மாசம் முன்னால ரெண்டு. அதுவரைக்கும் வெளியூர் வேண்டாம். உள் டயருக்கு வால்வு எக்ஸ்டென்ஷன் போடச் சொல்லுங்க, பிளாஸ்டிக் வேண்டாம், இரும்பு வலைக் குழாய் கேளுங்க.

கத்திரி வெயில்ல ஒரு மணி நேரம் ஓடினா 62 வச்சது 70 காட்டும். பயந்து இறக்கிடாதீங்க. இறக்கினா சாயங்காலம் ஆறினதும் அவ்வளவும் குறைஞ்சு நிக்கும்.

அரசலாற்றங்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பேட்டரிகளை வலது பக்கம் படுக்கைக்குக் கீழே, அதே பின் அச்சுக்கு நேராக மாற்றினோம். மறுபடி அதே மேடை. பின் இடது 1,430, பின் வலது 1,310. இப்போது ஒரு டயருக்கு 715, கணக்குப் போட்டால் 53.3. டீலர் அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டு பின் 58, முன் 52 வைத்திருக்கிறோம். ஸ்டெப்னியில் 58. ஆறு டயரும் புதுசு, இரும்பு வலைக் குழாய் எக்ஸ்டென்ஷனும் போட்டாச்சு.

சாக்பீஸால் முன் டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். முன்பு என்றால் நடுவில் மட்டும் அழிந்திருக்கும், இப்போது ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி அழிந்தது.

நேற்று ஆலங்குடி போய் வந்தோம். கிளம்பும் முன் ஆறு டயரும் கேஜ் வைத்துப் பார்த்தது தம்பிதான், உள் டயர் இரண்டையும் முதலில். அப்பா வழியில் தூங்கிவிட்டார். சன்ஷேடில் 52, 58 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், கீழே எடை போட்ட தேதியும். அடுத்து திங்களூர்.