ஓ.ஆர்.பி. 590, டெஸ்ட் கிட்டில் குளோரின் 4: எதை நம்புவது?

கடலோர வீடு:
சென்னை ஈ.சி.ஆர். பக்கம் 50,000 லிட்டர் நீச்சல் குளம். வார நாட்களில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் மிதக்கும் வைஃபை மானிட்டர் போட்டிருக்கிறோம், பி.எச்., ஓ.ஆர்.பி. (தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் திறன்), வெப்பநிலை மூன்றும் போனுக்கு வரும். சில வாரங்களாக ஓ.ஆர்.பி. 590 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. குளோரின் போடச் சொல்லி ஆப் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. சொட்டு மருந்து விட்டு அளக்கும் டெஸ்ட் கிட்டில் பார்த்தால் ஃப்ரீ குளோரின் 4 பி.பி.எம். (லிட்டருக்கு 4 மில்லிகிராம்), பி.எச். 7.6, தண்ணீரும் தெளிவு. போடுவது 200 கிராம் டிரைகுளோர் (மெல்லக் கரையும் குளோரின்) மாத்திரை, வாரம் ஐந்து. சென்சார் போய்விட்டதா?

நீர்ப்பதம்:
சயனூரிக் அமிலம் (குளோரினை வெயிலிலிருந்து காக்கும் பொருள், உங்கள் மாத்திரையிலேயே இருக்கிறது) எவ்வளவு சார்? முதலில் அதை அளந்து பாருங்கள். இந்த மானிட்டர் குளோரினை எண்ணுவதில்லை, தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் திறனைப் பார்க்கிறது. சயனூரிக் அமிலம் ஏறினால் குளோரினில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமியைக் கொல்லும் பங்கு சுருங்கும், ஓ.ஆர்.பி. இறங்கும். சொட்டு கிட்டோ பிடிபட்டதையும் சேர்த்து 4 என்று காட்டும். ஆக இரண்டு அளவும் சரியாகவே இருக்கலாம்.

உங்கள் குளத்தில் ஒரு மாத்திரை சுமார் 3.6 பி.பி.எம். குளோரினோடு 2 பி.பி.எம்.முக்கு மேல் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கும். குளோரின் செலவாகிவிடும், இது அப்படியே தங்கும். வாரம் ஐந்து என்றால் மூன்று மாதத்தில் 100 தாண்டும்.

சயனூரிக் அமிலத்தை அளக்கும் கலங்கல் குழாயில், கலங்கிய நீரை ஊற்றும்போது 100 கோட்டைத் தொடும் முன்பே அடியில் உள்ள புள்ளி மறைந்தால், குளத்து நீரும் குழாய் நீரும் சரிபாதி கலந்து மறுபடி அளந்து, வந்ததை இரட்டியுங்கள்.

கடலோர வீடு:
சரிபாதி கலந்ததில் 60. அப்படியானால் 120. குளத்தை முழுக்கக் காலி செய்துவிடலாமா?

பம்ப் ரூம்:
வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மழைக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். காலியான தொட்டியைக் கீழிருந்து நீர் தூக்கிவிடும், தரை விரிசல் விடும். மூன்றில் ஒரு பங்கு இறக்கி நிரப்பி, ஒரு நாள் பம்ப் ஓடி நன்றாகக் கலந்த பிறகு இன்னொரு முறை. 120 என்பது 80 ஆகி, பிறகு 53க்கு வரும். லாரித் தண்ணீர் ஊற்றினால் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் அளந்துகொள்ளுங்கள். காரத்தன்மை 10 பி.பி.எம். ஏற்ற உங்கள் அளவுக்கு 840 கிராம் சமையல் சோடா போதும்.

மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரவ ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) மாறுங்கள். 10 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 2 பி.பி.எம். ஏறும். வெயில் தாழ்ந்த பின், பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் ஊற்றவும். சயனூரிக் அமிலம் 53 இருக்கையில் குளோரின் 4க்குக் கீழே போக வேண்டாம். சென்னை வெயிலில் ஹைப்போ சீக்கிரம் வலுவிழக்கும், சிறு கேனாக வாங்குங்கள். ஆசிட்டை ஒருபோதும் அதோடு சேர்த்து ஊற்றக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். மாத்திரை மிதவைக்குள்ளும் ஹைப்போ படக்கூடாது, வெடிக்கும்.

நீர்ப்பதம்:
அண்ணன் சொன்னதோடு சென்சாரையும் ஒரு முறை சரிபாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் கழுவி, 7, 4 பஃபர் கரைசல்களில் பி.எச். அளவுதிருத்தம். ஓ.ஆர்.பி.க்கு அதன் கரைசல் பாட்டிலில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். வெளியே எடுத்து வைத்தால் முனை காயக்கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் கெடும்.

பம்ப் நின்றிருக்கும்போது வரும் அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஓரமாகத் தேங்கிய நீரைத்தான் அது பார்க்கும்.

எச்சரிக்கை எல்லையை ஆப் சொல்லும் 650இல் விட வேண்டாம். தண்ணீர் மாற்றியபின் குளோரின் 4, பி.எச். 7.5 என்று கிட்டில் உறுதி செய்த நாளில் ஓ.ஆர்.பி. என்ன காட்டுகிறதோ, அதிலிருந்து 40 மில்லிவோல்ட் கீழே வையுங்கள். பி.எச். ஏறினாலும் ஓ.ஆர்.பி. இறங்கும், அதனால் எச்சரிக்கை வந்ததும் முதலில் பி.எச்.சைப் பார்த்துவிட்டே குளோரினில் கை வையுங்கள்.