ஸ்டுட்கார்ட்ல இருக்கவங்க சொல்லுங்க, கதவுல கேர்வோஹெ பலகை மாட்டிருக்காங்க

திருச்சி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட் வந்து நாலு மாசம் ஆச்சு. சென்னையில ஜெர்மன் மொழி பி1 நிலை முடிச்சிட்டு தான் வந்தேன், ஆபீஸ்ல சமாளிச்சிடுறேன், ஆனா வீட்டுப் பக்கம் பேசுறது பாதி புரியல. நேத்து சாயந்திரம் வந்து பார்த்தா என் கதவு கைப்பிடில சின்ன மரப்பலகை தொங்குது, கேர்வோஹென்னு எழுதிருக்கு. கூட்டுற வாரம்னு அர்த்தம் வருது, ஆனா எதைக் கூட்டணும், நான் ஏதோ அசிங்கம் பண்ணிட்டேன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்களான்னு மனசுக்கு கஷ்டமா இருக்கு. போன வாரம் தான் அவங்க படிக்கட்டுல பெட்டியோட நின்னுட்டு "ஹெப் அமோல்"னாங்க, தூக்கச் சொல்றாங்கன்னு வாங்கி மூணாவது மாடி வரைக்கும் கொண்டு போயிட்டேன், அவங்க பின்னாடியே ஏதோ சொல்லிட்டே வந்தாங்க. கடையில கிளம்பும்போது வேற எல்லாரும் "அடே"ங்குறாங்க. இந்த ஊர் பேச்ச தனியா கத்துக்கணுமா?

கொங்கு_எஸ்லிங்கன்:
கவலையே படாதீங்க, அது புகார் இல்ல, இந்த வாரம் உங்க முறைன்னு அர்த்தம், அவ்வளவு தான். அவங்க முறை முடிஞ்சு உங்க கதவுல மாட்டிட்டுப் போயிருக்காங்க. 1492லயே இந்த ஊர்ல வாராவாரம் அழுக்க அள்ளணும்னு சட்டம் இருந்துச்சு, 1988ல நகராட்சி கட்டாயத்த எடுத்துட்டாங்க, ஆனா வாடகை ஒப்பந்தத்துல இன்னும் இருக்கும், எடுத்துப் படிங்க. சின்னது பெரியதுன்னு ரெண்டு உண்டு. சின்னதுன்னா உங்க மாடி வாசலும் அங்கிருந்து கீழ் மாடி வரைக்கும் படிக்கட்டும். பெரியதுன்னா வெளி நடைபாதை, நிலவறை வழி, குப்பைத்தொட்டி இருக்க இடம், பனி விழுந்தா அதையும் தள்ளணும். மேல இருந்து கீழ கூட்டிட்டு வாங்க, அப்புறம் ஈரத்துடைப்பம், கைப்பிடிக் கம்பிய துணியால துடைங்க, மிதியடிய தூக்கி அடியில கண்டிப்பா கூட்டுங்க. சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க, ஞாயிறு இங்க ஓய்வு நாள்.

மழைக்காதலி:
இந்த ஊர்ல ஹேபன்னா தூக்குறது இல்லங்க, பிடிச்சுக்கோன்னு அர்த்தம். கதவத் திறக்குற வரைக்கும் கொஞ்சம் பிடின்னு கேட்டிருப்பாங்க. டெப்பிஷ்னா புத்தகத்துல கம்பளம், இங்க பெரியவங்க சொன்னா போர்வை. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபூஸ். புத்தகத்துல பாதம் மட்டும் தான், இங்க இடுப்புக்குக் கீழ மொத்தமும் ஃபூஸ், நம்ம கால் மாதிரியே! மணி மட்டும் ஜாக்கிரதை. ட்ரைன்னா மூணு, ஆனா ஹால்ப் ட்ரை, அதாவது அரை மூணுன்னா ரெண்டரை, அது ஜெர்மனி முழுக்க அப்படித் தான். இங்க கூடவே ஃபியர்டல் ட்ரை, கால் மூணுன்னு சொல்லுவாங்க, அது ரெண்டே கால், மூணே கால்னு நெனச்சு நான் பல் டாக்டர்கிட்ட ஒரு மணி நேரம் லேட்டாப் போய், திரும்ப தேதி கிடைக்க ஆறு வாரம் ஆச்சு. ட்ரைஃபியர்டல் ட்ரைன்னா ரெண்டே முக்கால். மூணாவது மணி நேரத்துல எவ்வளவு ஓடிருக்குன்னு கணக்கு போடுங்க, குழப்பம் வராது.

வைப்லிங்கன்_அக்கா:
தம்பி, நான் இஞ்ச வந்து 31 வருஷம். அடே எண்டுறது அடியூ எண்ட பிரெஞ்சுச் சொல்லில இருந்து வந்தது, போட்டு வாறன் மாதிரித் தான், நீங்களும் திருப்பிச் சொல்லுங்கோ. இவையள் கதைக்கிறத முழுக்கப் பேசத் தேவையில்லை, விளங்கினாலே போதும், ஆனா பேக்கரியில சின்னப் பாணுக்கு ஒருக்கா வெக்லே எண்டு கேட்டுப் பாருங்கோ, அந்த மனுசியின்ர முகமே மலரும். பக்கத்து வீட்டம்மா மவுல்டாஷன் கொண்டு வந்து தந்தா வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. மாவுக்குள்ள இறைச்சி, கீரை, பாண், வெங்காயம் வச்சு மூடி அவிக்கிறது, நோன்பு காலத்தில இறைச்சியக் கடவுளுக்குத் தெரியாம ஒளிச்ச சாப்பாடு எண்டு சொல்லுவினம். சைவமெண்டா முதலே சொல்லுங்கோ, மரக்கறி வச்சதும் இருக்கு. அடுத்த நாள் வெட்டி முட்டையோட பொரிக்கேக்க நான் ரெண்டு செத்தல் மிளகாயும் போடுவன். இன்னொண்டு, ஆருக்கும் பிறந்தநாள் வாழ்த்து முதல் நாளே சொல்லிப் போடாதேங்கோ, கூடாது எண்டு பாப்பினம்.

திருச்சி_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்கும். இன்னைக்கு காலையில கூட்டித் துடைச்சிட்டேன், மிதியடிக்கு அடியிலயும். வாளியோட நிக்கும்போது அந்தம்மா கதவத் திறந்து பார்த்துட்டு, ஜன்னலத் திறந்து விடு, சீக்கிரம் காயும்னு கையக் காட்டி சொன்னாங்க. எங்க வீட்டுல பெரியதும் உண்டு, ஒப்பந்தத்துல போட்டிருக்கு. பனி தள்ளுற மண்வெட்டி நாம வாங்கணுமா, இல்ல நிலவறையில பொதுவா ஒண்ணு இருக்குமா?