முள்ளெலி மாப்பிள்ளை: தோலை எரித்த பழி யாருக்கு?

நெய்தல்நிலா:
பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் 'தி ஸ்டோரிடெல்லர்' தொலைக்காட்சித் தொடரில் 'ஹான்ஸ் மை ஹெட்ஜ்ஹாக்' (1987, எம்மி விருது வாங்கியது) பற்றிப் பேச வேண்டும். பார்க்காதவர்களுக்காகக் கதை: குடியானவன் மனைவி பிள்ளைக்கு ஏங்குகிறாள், முள்ளெலியாகப் பிறந்தாலும் சரி என்கிறாள். அப்படியே பிறக்கிறது. அப்பனுக்கு அவமானம் தாங்கவில்லை. பையன் சேவல்மேல் ஏறிக் காட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே வழிதவறி வந்த ராஜாவுக்கு உதவுகிறான். அதற்கு ஈடாக இளவரசி அவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். ராத்திரியில் முள்தோலைக் கழற்றிவிட்டு அவன் மனிதனாவதை அவள் பார்த்துவிடுகிறாள். இன்னும் ஒரு ராத்திரி வாயைத் திறக்காதே, சாபம் நீங்கிவிடும் என்று கேட்டுக்கொள்கிறான். அவளோ அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். ராணியின் பேச்சைக் கேட்டுத் தோலை நெருப்பில் போடுகிறாள். அவன் வலியில் அலறிக்கொண்டு ஓடிப்போகிறான்.

இதற்கு மூலமான, ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த க்ரிம் சகோதரர்களின் 108ஆவது கதையில் இப்படி இல்லை. தோலை எரிக்க ஏற்பாடு செய்வதே அந்த முள்ளெலிப் பையன் ஹான்ஸ்தான். நாலு ஆட்களை நிறுத்தி நெருப்பு மூட்டச் சொல்கிறான். கரியாகக் கறுத்த உடம்பை அரண்மனை வைத்தியர் மருந்து பூசித் தேற்றுகிறார். பெண்மேல் ஒரு பழியும் கிடையாது. திரைக்கதை எழுதிய ஆண்டனி மிங்கெல்லா அந்த நெருப்பை அவள் கையில் கொடுத்துவிட்டார். பெண் வாயில் ரகசியம் தங்காது என்ற பழைய பழியைக் குழந்தைகள் பார்க்கும் தொடரில் ஏற்றியது எனக்குப் பொறுக்கவில்லை.

கருவேலங்காடு:
தோழி, க்ரிம் கதை அவ்வளவு நியாயமானதா? அதில் ராஜாக்கள் இரண்டு பேர். முதல் ராஜா சொன்ன சொல்லை மீறியதும், ஹான்ஸ் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய், உடுத்திய நல்ல துணியை உருவிவிட்டு, ரத்தம் வரும்வரை முள்ளால் குத்தித் திருப்பி அனுப்புகிறான். பெரிய வஞ்சகம் அப்பனுடையது, ரத்தம் மகளுடையது. இரண்டாவது இளவரசி முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறாள், பிறகு கல்யாணம் செய்துகொள்கிறாள். கதையில் அவளுக்கு வேறு வேலையே இல்லை.

மிங்கெல்லா அந்தக் கொடுமையை அடியோடு நீக்கிவிட்டார். மிச்சமிருக்கும் ஒரே இளவரசிக்குத் தப்புப் பண்ணவும் அதைச் சரிசெய்யவும் இடம் கொடுத்தார். ஓடிப்போனவனைத் தேடி மூன்று ஜோடி இரும்புச் செருப்பு தேயும்வரை நடக்கிறாள், தலை நரைத்துவிடுகிறது. பாதிக் கதைக்கு மேல் அவள்தான் நாயகி.

நெய்தல்நிலா:
அந்த இரும்புச் செருப்பையே பாருங்கள். ருமேனியாவின் மந்திரப் பன்றிக் கதையிலும் இதே மூன்று ஜோடிதான். அங்கே ஒரு கிழவி சொல்கிறாள் என்று, பகலில் பன்றியாக இருக்கும் புருஷனின் சாபம் நீங்க அவன் காலில் நூல் கட்டுகிறாள் மனைவி. இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் சாபம் நீங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். தண்டனை அவளுக்கு. துர்ப்புத்தி சொன்னவளும் ஒரு பெண். வழிவழியாக வரும் அச்சு இது.

வீடு திரும்பும்போது முதலில் எதிரே வருவதைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது ராஜா. பெற்ற மகளின் வாழ்க்கையை அவள் அறியாமலே அடகு வைத்தவர் அவர். அவர் காலில் யாராவது இரும்புச் செருப்பை மாட்டினார்களா?

ஊசிமல்லி:
ராஜா விஷயத்தில் நெய்தல்நிலா பக்கம்தான் நான். ஆனால் இரண்டு பேரும் பொம்மையை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஹென்சன் பட்டறை செய்த அந்த முள்முகம், நீண்ட மூக்கு, தலையைத் தாழ்த்திப் பேசும் விதம், அதைப் பார்த்துத்தானே நாம் ஹான்ஸை நேசித்தோம்? கடைசியில் அழகான ஆண் முகம் வந்து நிற்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாம் பழகியவன் எங்கே? மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாய்க்கும் இந்த முடிவு உறுத்தும். 'சரியானால்தான்' சந்தோஷம் என்கிறது அது. பழியைவிட எனக்கு இதுதான் பெரிய குறை.

கருவேலங்காடு:
ஊசிமல்லி, அவன் மாறும் இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். பாழடைந்த குடிசையில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அவளைப் பிரிந்தும் அவளை நினைத்துத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான். அவள் போய்க் கட்டிப்பிடிப்பது மனிதனை இல்லை, முள்ளோடு இருக்கிறவனை. விடாமல் பிடித்துக்கொண்ட பிறகுதான் மாறுகிறான். க்ரிம் கதையில் நெருப்பும் மருந்தும் செய்த காரியத்தை இங்கே அவள் கை செய்கிறது. முள்ளை ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஊசிமல்லி:
ஏற்றுக்கொண்டாள் என்றால் அவன் முள்ளெலியாகவே இருந்திருக்கலாமே! ஏற்றதற்குப் பரிசாக அழகு வருகிறது என்றால், அந்த அழகைத்தானே கதை கடைசிவரை பெரிதாக நினைத்திருக்கிறது.

நெய்தல்நிலா:
கட்டிப்பிடிக்கும் காட்சி அருமை, அதில் சண்டையே இல்லை. ஆனால் கல்யாண விருந்தில் கதைசொல்லிக்கு என்ன கிடைக்கிறது? அவள் தேய்த்த செருப்பு. கதைசொல்லியாக நடித்த ஜான் ஹர்ட் அதைப் பெருமையோடு வைத்திருக்கிறார். ராணி சொன்ன சொல்லுக்கோ ராஜா கொடுத்த வாக்குக்கோ ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை. அவள் பட்ட பாடு மட்டும் காட்சிப்பொருள். கருவேலங்காடு, இதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு மிங்கெல்லாவுக்கு நானும் கைதட்டுகிறேன்.