வெள்ளோட்டச் சூடா, வெள்ளோட்டச் சுடுதலா? – புதுக் கைத்துப்பாக்கியின் முதல் நாளுக்கு ஒரு சொல்

டர்பனிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

சுடுதளத்துக்கு முதன்முறை வருபவர்களுக்காக ஒரு பக்கத் தமிழ்த் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் டொங்காட்டிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு ஆங்கிலமே போதும். தமிழகத்திலிருந்து வந்து, நிரந்தரக் குடியுரிமை பெற்று, கடை நடத்துகிற சிலருக்குப் போதவில்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கான தகுதிச் சான்றிதழ்த் தேர்வை எழுதித் தேறிவிடுகிறார்கள். காதுக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கட்டளை வந்தால் தடுமாறுகிறார்கள். கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு தடுமாறுவது யாருக்கும் நல்லதில்லை.

இங்குள்ள நடைமுறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு 60ஆம் எண் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம். கடையில் முழுப்பணம் கட்டினாலும் உரிமம் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே அது கைக்கு வருகிற நாளில் ஆளுக்கு ஒரே அவசரம். நேரே தளத்துக்கு வந்து மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) முழுக்க நிரப்பிக்கொண்டு நிற்கிறார்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. அந்த வேலைக்குத்தான் சொல் தேடுகிறேன்.

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) பின்னிழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் தடவிய எண்ணெயைத் துடைக்க வேண்டும். (கிளாக் துப்பாக்கியின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். அழுக்கென்று நினைத்து வழித்துவிடுகிறார்கள். வேண்டாம், அது உற்பத்தியாளரே பூசிய மசகு.) பிறகு ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும். சுட்டதும் ஸ்லைடு பின்னாலேயே நிற்கிறதா? அடுத்து இரண்டு தோட்டா. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒன்று மட்டும் போகிறதா, இரண்டும் சேர்ந்து போகின்றனவா? பலரும் இந்த இரண்டு படிகளையும் தாண்டி நேராகப் பதினைந்துக்குப் போய்விடுகிறார்கள். பழுதுள்ள துப்பாக்கியில் ஒரே அழுத்தலுக்கு இரண்டு குண்டு பாய்ந்தால், உதைப்பில் குழல் மேலே எழும்பியிருக்கும். இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதி, ஒவ்வொன்றையும் தனியே சுட்டுப் பார்க்க வேண்டும். சிக்கல் வந்தால் துப்பாக்கியாலா, மேகசினாலா என்று அப்போதுதான் தெரியும். தோட்டாவிலும் வித்தியாசம் உண்டு. பயிற்சிக்கு வாங்கும் உருண்டை முனைக் குண்டு வழுக்கிக்கொண்டு ஏறுகிற அதே துப்பாக்கியில், முனையில் குழியுள்ள குண்டு அறைவாயில் இடறலாம். தற்காப்புக்கென்று எதை வைத்திருக்கப் போகிறாரோ, அதையும் சுட்டுப் பார்த்தே தீர வேண்டும். தோட்டா விலையை நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. சாதாரணமாக ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கையிருப்பு வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அங்கீகாரம் பெற்ற தளத்தில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே அளவைக் காரணம் சொல்லவும் வழியில்லை.

இன்னொன்று. வலக்கைக்காரரின் குண்டுகள் இலக்கின் இடப்பக்கம் கீழே போய்ப் பதிந்தால், பெரும்பாலும் குறை குறிமுனையில் (குறி பார்க்க உதவும் பாகத்தில்) இருக்காது, விசையை வெடுக்கென்று இழுக்கும் விரலில் இருக்கும். முதல் நாளே குறிமுனையைத் தட்டி நகர்த்தக் கூடாது.

இத்தனையும் சேர்ந்த முதல் நாள் வேலைக்கு என்ன பெயர்? ‘சோதனைச் சூடு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘சோதனை’ என்றதும் கடைக்காரருக்குப் போலீஸ் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. போதாததற்கு, போலீஸ் ஆய்வகத்தில் குண்டைப் பொருத்திப் பார்ப்பதற்கும் அதே சொல் வந்துவிடும். ‘ஒத்திகை’ ஆபத்து, அதில் நிஜத் தோட்டா கிடையாது என்று தோன்றும். என் முன்மொழிவு ‘வெள்ளோட்டச் சூடு’. புதுத் தேரை விழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். அச்சு தாங்குமா, சக்கரம் திரும்புமா என்று பார்ப்பதுதான் நோக்கம். இங்கே காவடிக்கு ரதம் இழுக்கிற ஊர்களில் விளக்கம் சொல்லாமலே புரியும். கப்பலுக்கும் ரயிலுக்கும் செய்தித்தாள்கள் இதைத்தான் எழுதுகின்றன.

உங்கள் கருத்து வேண்டும்.

மதுரையிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு தடை. வெள்ளோலை என்றால் எழுதாத ஓலை. வெள்ளறிவு என்றால் உள்ளீடில்லாத அறிவு. ‘வெள்’ என்பது வெறுமையைக் குறிக்கும். சாமியை ஏற்றாமல் வெறுந்தேரை ஓட்டுவதால்தான் அது வெள்ளோட்டம் என்று நான் கொள்கிறேன். அப்படியானால் தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுகிறீர்களே, அதற்கல்லவா இது பொருந்தும்?

இன்னொரு யோசனையும் உண்டு. ‘விசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கிக்குக் குதிரை என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறதே. அதை ஏன் விட வேண்டும்?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

வணக்கம் அண்ணை. வெள்ளோட்டம் எனக்கு நல்ல விருப்பம். ‘சூடு’தான் மனசுக்கு ஒத்துவரேல்லை. எங்கட ஆக்களுக்குத் துப்பாக்கிச் சூடு எண்டால் ஆரோ செத்துப்போன செய்தி. தமிழ்நாட்டிலயும் போலீஸ் சுட்டால் துப்பாக்கிச் சூடு எண்டுதானே எழுதுகினம்? ஒலிம்பிக் போட்டியை மட்டும் துப்பாக்கி சுடுதல் எண்டு எழுதுகினம். இந்தத் தாளை வாசிக்கிற ஆளுக்கு எது முதல்ல காதில விழவேணும் எண்டு யோசியுங்கோ.

மேகசினுக்கு எங்கட பக்கம் ரவைக்கூடு எண்டு சொல்லுறது. பாவிக்கலாமே?

டர்பனிலிருந்து:

ஐயா, தங்கை, இருவருக்கும் நன்றி. இரண்டு தடைகளும் கனமானவை, ஒவ்வொன்றாக வருகிறேன்.

தங்கை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நாளிதழ்த் தமிழில் இந்தப் பிரிவு ஏற்கெனவே உறுதியாக இருக்கிறது. சூடு என்றால் சம்பவம், சுடுதல் என்றால் பயிற்சியும் விளையாட்டும். இடத்தையும் சுடுதளம் என்றுதான் சொல்கிறோம். எனவே ‘வெள்ளோட்டச் சுடுதல்’. பேச்சில் “வெள்ளோட்டம் சுட்டாச்சா?” என்று கேட்கலாம், நாக்கில் தடையில்லாமல் வருகிறது.

ஐயா, ‘வெள்’ பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒருவர் காதில் வெள்ளோட்டம் என்று விழுந்தால், காலி என்ற எண்ணம் அவருக்கு வருவதில்லை, முன்னோட்டமாக இயக்கிப் பார்ப்பது என்றே எடுத்துக்கொள்கிறார். ரயில் வெள்ளோட்டத்தில் எஞ்சின் நிஜமாகவே ஓடுகிறது. இருந்தாலும் பாதுகாப்பு விஷயத்தில் ‘பெரும்பாலும் புரியும்’ போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வெள்ளோட்டம் என்று தனியே எழுதாமல் ‘சுடுதல்’ என்பதைக் கட்டாயம் சேர்க்கிறேன். சுடுதல் என்று வந்தாலே நிஜத் தோட்டா உள்ளே இருக்கிறது. தோட்டா இல்லாமல் பழகுவதற்கு அந்தச் சொல்லே வரக் கூடாது. அதற்கு ‘வெறுவிசைப் பயிற்சி’ என்று வைத்துக்கொள்ளலாமா? வெறுங்கை, வெறுவயிறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ‘வெறு’தான். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே எந்தக் குழப்பமும் வராது என்று நம்புகிறேன்.

குதிரை விஷயத்தில் மட்டும் நான் இணங்க மாட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும். சிலர் விரலால் இழுப்பதைக் குதிரை என்கிறார்கள், சிலர் பின்னால் நின்று அடிக்கிற சுத்தியைக் குதிரை என்கிறார்கள். பழைய சுழல்துப்பாக்கியிலும் செக் நாட்டுச் சீசெட் 75இலும் அந்தச் சுத்தி வெளியே தெரியும். கிளாக்கில் சுத்தியே கிடையாது, உள்ளேயுள்ள ஊசியை வில் தள்ளுகிறது. “குதிரையிலிருந்து விரலை எடு” என்று நான் கத்தும்போது, எதிரே நிற்பவர் எந்த உறுப்பைத் தேடுவார்? விசை என்றால் ஒன்றே ஒன்றுதான்.

ரவைக்கூடு நல்ல சொல். தாளில் மேகசின் என்றே விடுகிறேன், கடையில் கேட்டு வாங்க வேண்டியிருப்பதால். பக்கத்தில் சிறு எழுத்தில் ரவைக்கூடு என்றும் போட்டுவிடுகிறேன்.

தாளில் அந்தப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“புதிதாக வாங்கிய துப்பாக்கியை வெள்ளோட்டச் சுடுதல் முடியும்வரை தற்காப்புக்கு நம்பி வைக்காதீர்கள். முதலில் ஒரு தோட்டா, பிறகு இரண்டு, அதன் பிறகே முழு மேகசின். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். குறி பார்த்துச் சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. சத்தம் வழக்கத்தைவிடத் தணிந்து ‘புஸ்’ என்று கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். கையை உயர்த்தித் தள அதிகாரியைக் கூப்பிடுங்கள்.”

மதுரையிலிருந்து:

தம்பி, குதிரையை விட்டுக்கொடுத்தேன். வெறுவிசை நன்று. ‘நம்பி வைக்காதீர்கள்’ என்பதைவிட ‘நம்பாதீர்கள்’ போதும். ‘குழல் வெடிக்கும்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘வெடிக்கலாம்’ என்று எழுதுங்கள். எச்சரிக்கை குறையாது, உண்மையும் பிசகாது.

டர்பனிலிருந்து:

இரண்டையும் திருத்திவிட்டேன், ஐயா. மிச்சம் இருப்பது ஒன்று. விசையை இழுத்தும் உடனே வெடிக்காமல், சற்றுத் தாமதித்து வெடிக்கிற தோட்டா. வெடிக்கவில்லையே என்று குழலைத் திருப்பி எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கை நோக்கிப் பிடித்தபடியே 30 விநாடி காத்திருக்கச் சொல்கிறோம். ‘தாமத வெடி’ என்றால் பட்டாசு மாதிரி இருக்கிறது. தங்கை, உங்கள் பக்கம் இதற்கு ஏதாவது வழக்கு உண்டா?