கடுங்குளிரில் கல் மெருகேற்றும் டம்ளர் இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது மினசோட்டாவில், டுலூத் பக்கம். கோடையில் சுப்பீரியர் ஏரிக்கரையில் பொறுக்கிய அகேட் கற்கள் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. சிவப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய கற்கள். நனைத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

மெருகேற்றும் முதல் கட்டத்துக்கு, 60/90 என்ற கரடுமுரடான சிலிகான் கார்பைடு தேய்ப்புத் தூள் போட்டு, ஒரு வாரமாவது இரவு பகலாக ஓட வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அந்தக் கடகடச் சத்தத்தில் குழந்தை தூங்க மாட்டாள். அதனால் ரோட்டரி டம்ளர் (கல், தூள், தண்ணீர் போட்ட பேரலை மோட்டார் சுற்றும் இயந்திரம்) கராஜில். அங்கே ஹீட்டர் கிடையாது. ஜனவரி இரவில் மைனஸ் 20 இங்கே சர்வசாதாரணம்.

இப்போதே பெல்ட் விறைத்து வழுக்குகிறது. மோட்டார் உறுமுகிறது, பேரல் நின்று நின்று சுற்றுகிறது. ஓடும்வரை தண்ணீர் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். இரவில் கரண்ட் போய் நின்றுவிட்டால்? உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பேரல் மூடி பிதுங்கிவிடும் என்பதுதான் என் பெரிய பயம்.

தெர்மாகோல் பெட்டியால் மூடலாமா? மூடினால் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடாமல் இருக்க எங்கே, எவ்வளவு துளை விடுவது? நாற்றுத் தட்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பைப் பேரல் பக்கம் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? பேரலைச் சுற்றும் தண்டுக்கு எந்த எண்ணெய் குளிரில் கெட்டியாகாது?

கார் ஆன்டிஃப்ரீஸ் கலக்கும் யோசனை வேண்டாம். அது விஷம்; கழிவுச் சேற்றைக் கொல்லையில்தான் கொட்டுகிறேன், நாய் அங்கேதான் திரியும்.

வின்னிபெக், டொராண்டோ பக்கம் இருப்பவர்கள், எத்தனை டிகிரி வரை ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெட்டி செய்தவர்கள் படம் போட்டால் பெரிய உதவி.