ஆர்பிட்டரில் நீராவிக் கலம்: என்ன மதிப்புகள் கொடுப்பது?

திருமங்கலம் ஆசிரியர்: ஆர்பிட்டர் என்ற விண்பயணப் பாவனை மென்பொருளில், சீரிஸ் என்ற குறுங்கோளின் பனியை உருக்கி நீராவியால் எழும்பும் கலம் ஒன்றை மாணவர்களுக்காக அமைக்கிறேன். வெளியேற்ற வேகமாக, அதாவது நீராவி கலத்திலிருந்து பீறிடும் வேகமாக, எதைக் கொடுப்பது, ஐயா?

மேலூர் அன்பர்: அழுத்தக் கலனில் காய்ச்சிய வெந்நீரை அப்படியே திறந்துவிட்டால், பெரும்பகுதி துளிகளாகவே வெளியேறுவதால், நொடிக்கு 500 மீட்டரை ஒட்டியே கிடைக்கும். முழுதும் ஆவியாக்கி ஆயிரம் கெல்வினுக்கு மேல் சூடேற்றினால் 1,800 வைக்கலாம். சீரிஸின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகம் நொடிக்கு 510 மீட்டர்தான் என்பதால், அந்த 1,800-ஐ வைத்தால் கலத்தின் எடையில் கால் பங்கு நீரே போதும். நிலவிலோ முக்கால் பங்கு ஆகிவிடும்.

உசிலம்பட்டி மாணவி: ஐயா, வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொதிநிலையில் ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். சீரிஸில் வெயிலோ பூமியில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே நீராவி மெதுவாகத்தான் உண்டாகும்; கிடைக்கும் வெப்பத்தை மீறி உந்துவிசை கொடுத்தாலும் மென்பொருள் தானாகத் தடுக்காது. உந்துவிசையின் உச்ச வரம்பை நாமே குறைத்து வைக்க வேண்டும்.

திருமங்கலம் ஆசிரியர்: மிக்க நன்றி அம்மா. வெப்பத்தைச் சேமித்து வைத்து ஒரே மூச்சில் எழும்பும்படி மாற்றுகிறேன்.